திருப்பிப் போட்ட பெயர்

ஸரேச்யே,
அக்டோபர் 1992

அன்பு மகள் நினெலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, எந்நேரமும் காலில் இடறுகிற பூனை எல்லாரும் உயிரோடும் ஒரு மாதிரியான சுகத்தோடும் இருக்கிறோம், அங்கே கம்சாத்காவில் நீயும் மாப்பிள்ளை க்லேபும் பேரன் திமோஷாவும் சளி இருமல் அண்டாமல், வீட்டுக் குழாய்களில் சூடு குறையாமல் இருக்க வேண்டுமென்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உருளைக்கிழங்கைத் தோண்டி நிலவறையில் இறக்கியாயிற்று, இந்த வருஷம் எல்லாம் கோலிக்குண்டு அளவுதான், உன் அப்பா மழையைக் குறை சொல்கிறார், நான் அவர் உரம் போட்ட லட்சணத்தைக் குறை சொல்கிறேன். முட்டைக்கோஸ் அரிந்து உப்பில் போட உட்கார்ந்தபோதுதான் தபால்காரி உன் கடிதத்தைக் கொண்டுவந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஆபீசில் உன் பெயரைத் திருப்பிப் போட்டுக் கேலி செய்கிறார்கள், பேசாமல் நெல்லி என்று மாற்றிக்கொள்ளலாமென்று பார்க்கிறேன், ஆனால் வசந்த காலத்தில் அத்தை அனுப்பிய வாழ்த்து அட்டையில் அது பழைய பிரெஞ்சுப் பெயர், மென்மையானவள் என்று அர்த்தம் என்று எழுதியிருந்தார்கள், நிஜமா அம்மா என்று கேட்டிருக்கிறாய். நான் சிரித்த சிரிப்பில் கொட்டகையிலிருந்து உன் அப்பா சுத்தியலோடு ஓடிவந்து விட்டார், எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று. பிரெஞ்சாம்! மென்மையாம்! உன் அத்தை அதை எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதி, தபால்தலை ஒட்டி, நாட்டின் அந்தக் கோடிவரை அனுப்பியிருக்கிறாள் பார், அந்தத் துணிச்சலுக்கு இன்னொரு மெடல் குத்தலாம்.

முப்பத்தாறு வயதில் இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன், யாராவது கேட்டால் நேராகச் சொல்ல உனக்கு உதவும். நம் ரஷ்ய எழுத்தில் லெனின் என்று எழுது. கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்கு வா. நினெல். பெண்பிள்ளைப் பெயர் மாதிரித் தெரிய வேண்டுமே என்று வாலில் ஒரு மெல்லோசைக் குறியை ஒட்டினார்கள், அந்தக் குறி ஒன்றுதான் அதே பெயருள்ள உன் அத்தைக்கும் உனக்கும் சொந்தம், மிச்சமெல்லாம் அவருடையது. அவ்வளவுதான் அதன் பிறப்பு, அவ்வளவுதான் அதன் அர்த்தம். அவர் செத்த பிறகு ஊரெல்லாம் அந்தப் பைத்தியம் பிடித்து ஆட்டியது, சாமி பெயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குழந்தைகளுக்கு மாதத்தின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் வைத்தார்கள், நம் தெருவிலேயே அக்டோபர் புரட்சியின் பெயரில் ஓர் ஒக்த்யப்ரினா இருந்தாள், நூற்பாலைக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஒருவருக்கு டிராக்டர் என்றே பெயர், பாவம் அந்த மனிதர் கடைசிவரை மாட்டு வண்டிதான் ஓட்டினார். உன் தாத்தா லுக்யான் நீராவிப் படகில் இயந்திரம் பார்த்தவர், கட்சியில் சேர்ந்த புதிது, உன் அத்தை பிறந்ததும் பூரித்துப்போய் இந்தப் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். உன் பாட்டி நதேஷ்தா என்று வைக்க ஆசைப்பட்டாளாம். அவளைக் கேட்டது யார்.

உன் அத்தை அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு நடந்த நடை உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. எங்கள் கல்யாணத்தில் எல்லாரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அக்காதான் முதலில் வாழ்த்த வேண்டும், இவள் எழுந்து நின்று வாழ்த்தாமல் தன் பெயருக்கு விளக்கவுரை சொன்னாள். அதோடு விட்டாளா, என் பக்கம் திரும்பி, "பொண்ணு பேரு கபிதொலினாவாம், கேட்டீங்களா, கபிதால்னு பேருலயே மூலதனத்தை வெச்சிக்கிட்டு நம்ம வீட்டுக்குள்ள வருது, ஜாக்கிரதை தம்பி மத்வேய்" என்றாள். மேஜை முழுக்கச் சிரிப்பு. என் பெயர் ரோமாபுரியில் இருக்கிற ஏதோ குன்றிலிருந்து வந்தது, அதற்கும் முதலாளிக்கும் சம்பந்தமில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன், ஆனால் அன்றிலிருந்து நூற்பாலை கேண்டீன்வரைக்கும் எனக்கு மூலதனம் என்றே பட்டம். யாராவது மறந்துபோய் அவளை நீனா என்று கூப்பிட்டுவிட்டால் தொலைந்தார்கள், பாதித் தெருவில் நிறுத்தி எழுத்துக்கூட்டிக் காட்டிவிட்டுத்தான் விடுவாள். அப்புறம் கலாசார மாளிகைக்குப் பொறுப்பாளர் ஆனாள். மாளிகை என்றால் என்ன, மணியைக் கழற்றிவிட்டுத் திரை கட்டின நம் பழைய தேவாலயம்தானே. அதே சுவர்களுக்கு நடுவில் மேற்குப் பக்கம் ஒரு மேடை போட்டு, கடவுள் ஏன் இல்லை என்று வாரம் தவறாமல் பேசினாள். பேச்சு முடிந்தால்தான் சினிமா. சினிமாவுக்காக ஊரே உட்கார்ந்து கடவுளை இழந்தது.

நீ பிறந்த கதைக்கு வருகிறேன், இதை நான் உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் ஆண்களை வாசல்படி தாண்டி விடமாட்டார்கள், புருஷன்மார்கள் கீழே பனியில் நின்றுகொண்டு ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்கள். உன் அப்பாவும் வந்து நின்றார், பக்கத்தில் அத்தை, கழுத்தில் சிவப்பு மப்ளர். நான் உன்னைத் துணியில் சுற்றித் தூக்கிக் கண்ணாடியில் காட்டினேன். உன் அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை கையைக் குவித்துக்கொண்டு, "கபா, வாழ்த்துக்கள்! பேரு பதிவு பண்ணியாச்சு! நினெல்!" என்று கூவினாள். எனக்கு முதலில் புரியவில்லை, அவள் தன்னுடைய பெயரைத்தான் வழக்கம்போல் கத்துகிறாள் என்று நினைத்தேன். "சின்ன நினெல்! நாங்க ரெண்டு பேரும் இனிமே ஒரே பேரு!" என்று அவள் மறுபடி கூவினபோது புரிந்தது. உன் அப்பாவைப் பார்த்தேன், மனிதர் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை விட்டு நகர்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், "அழாத, பால் வத்திடும், வீட்ல வேற எதாவது செல்லமா கூப்பிட்டுக்கோ" என்றாள். வீட்டில் நெல்யா என்று கூப்பிட்டேன், ஆனால் கூப்பிடும்போதெல்லாம் உன் அத்தையும் சேர்ந்து "என்ன கபா" என்று திரும்பிப் பார்ப்பாள்.

போன வருஷம் ஆகஸ்டுக்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும், லெனின் சிலைகளுக்குக் கயிறு கட்டி இறக்கினார்கள், தெருக்களுக்குப் பெயர் மாற்றினார்கள், அதே வாரம் உன் அத்தை பிரெஞ்சுக்காரி ஆனாள். எங்கிருந்து பிடித்தாளோ, பழைய காலத்தில் பாரிஸ் நாடகக்காரி ஒருத்திக்கு இந்தப் பெயர் இருந்ததாம், ரஷ்யாவுக்கு அவள் வழியாக வந்ததாம். பென்ஷன் வரிசையில் சொல்கிறாள், நீராவிக் குளியலில் முதுகு தேய்த்துக்கொண்டே சொல்கிறாள், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்கிறாள். கடைக்கார ரயிஸா லேசுப்பட்டவளா, "ஏம்மா பாரிஸ்காரி, இங்க வரிசைன்னு ஒண்ணு இருக்கு, உங்க ஊர்ல இல்லியா" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். இவளுக்கு முகம் சுண்டியதா என்றால் அதுவும் இல்லை, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாளாம். நான் உன் அப்பாவிடம் சொன்னேன், "ஆயுசு முழுக்க ஒருத்தர் பேரைச் சொல்லிச் சோறு சாப்பிட்டுட்டு, அவரு கீழ விழுந்ததும் யாருன்னே தெரியாதுங்கறா உங்கக்கா, கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கா?" என்று. அவர் வழக்கம்போல், "விடு கபா, டீ ஆறுது" என்றார். உன் அப்பாவின் வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

ஜூன் மாதம் அத்தைக்கு நெஞ்சுவலி வந்தது. உனக்குத் தந்தி அடிக்க வேண்டாமென்று அவளே தடுத்துவிட்டாள், அதனால்தான் எழுதவில்லை, இப்போது பரவாயில்லை, பயப்படாதே. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பக்தி முற்றிய அம்மாள் இருந்திருக்கிறாள், ஞானஸ்நானம் வாங்காமல் செத்தால் மேலே பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்காது, கதவுக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதுதான் என்று இவள் காதில் ஓதியிருக்கிறாள். கடவுள் இல்லை என்று ஒரு தலைமுறைக்கே நிரூபித்தவள் அந்தப் பேச்சில் நடுங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நேரே என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். ஜாம் போட்டுக் கொடுத்த டீயைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. அப்புறம், "கபா, ஞாயித்துக்கெழம எனக்கு ஞானஸ்நானம். நீதான் ஞானத்தாயா நிக்கணும்" என்றாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "அண்ணி, என்னைவிட எத்தனை வயசு பெரியவங்க நீங்க, உங்களுக்கு நான் தாயா?" என்றேன். "வேற யாரு இருக்கா எனக்கு? தோழர்ங்க எல்லாம் போயிட்டாங்க, செத்தவங்க பாதி, தெருவுல பாத்தா தெரியாத மாதிரி போறவங்க பாதி" என்றாள். "மூலதனம்னு கூப்பிட்டீங்களே, அவகிட்டயா வந்து கேக்கறீங்க?" என்றேன், விடுவேனா. அவள், "இப்பத்தான் மூலதனத்துக்கு மவுசு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது, தொலையட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அவள் தண்ணீரில் முங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பை நான் ஏன் விட வேண்டும் என்றும் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன்.

தேவாலயத்தைத் திருப்பிக் கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது, உள்ளே இன்னும் சுண்ணாம்பு வாசனை, சினிமாத் திரை மாட்டியிருந்த கொக்கிகள்கூடச் சுவரில் அப்படியே இருக்கின்றன. ஊரில் பாதிப் பேருக்கு இப்போதுதான் ஞானஸ்நானம் நினைவுக்கு வந்திருக்கிறது, அன்றைக்கும் கைக்குழந்தைகள், மீசை முளைத்த பையன்கள், டைவர்ஸ் ஆனவர்கள், போலீஸ்காரர் ஒருவர் என்று ஒரு கும்பல். நடுவில் உன் அத்தை, வெள்ளை நைட் கவுனுக்கு மேலே தன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் மெழுகுவர்த்தி, சொற்பொழிவுக்கு நிற்கிற அதே நிமிர்வு. நானும் உன் அப்பாவும் பின்னால். குரு விகென்தி சின்ன வயதுக்காரர், தாடி இன்னும் சரியாக ஒன்றுகூடவில்லை, ஆனால் நல்ல மாதிரி. வரிசையாகப் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். இவள் முறை வந்தது. "நினெல். பிரெஞ்சுப் பேர், ஃபாதர்" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த புனிதர் நாள்காட்டியைப் புரட்டிவிட்டு, அப்படி ஒரு புனிதை இல்லை அம்மா, ஓசைக்குக் கிட்டத்தில் நியோனிலா என்று இருக்கிறது, கிரேக்கப் பெயர், புதியவள் என்று அர்த்தம், அதையே வைப்போம் என்று சொன்னார். அறுபத்தேழு வயதில் புதியவள்! என் பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். இவள், "நியோனிலா வேண்டாம். எம்பேரு நினெல்" என்றாள். அவர் இன்னொரு தடவை பொறுமையாகச் சொன்னார். இவள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன, போலீஸ்காரர், "சீக்கிரம் முடிங்கம்மா, எனக்கு டியூட்டி இருக்கு" என்றார். அப்போது குரு கொஞ்சம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அந்தக் கட்டடத்தில் மெதுவாகச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும்: "அம்மா, அதைப் பின்னாலேர்ந்து படிச்சா என்ன வரும்னு எனக்கும் தெரியும். இங்க வந்து அந்த மனுஷனைப் பிடிச்சித் தொங்கணுமா?"

நான் நினைத்தேன், இப்போது ஒரு சொற்பொழிவு வரும் என்று. வரவில்லை. அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து மெழுகு கோட்டில் சொட்டுகிறது, துடைக்கவில்லை. "அந்த மனுஷன் எனக்கு என்ன செஞ்சாரு, ஒண்ணும் செய்யல. இது எங்கப்பா வெச்ச பேரு" என்றாள். அப்புறம் சொன்னாள், குருவுக்குத்தான் சொன்னாள், ஆனால் ஊரே கேட்டது. தாத்தா லுக்யானைக் கைது செய்து கொண்டுபோன காலையில் இவளுக்குப் பன்னிரண்டு வயது. உன் அப்பா கைக்குழந்தை இல்லை என்றாலும் சின்னப் பிள்ளை, குளிருக்காகக் கணப்படுப்பின் மேல்திட்டில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவர்களில் ஒருத்தன் வீட்டில் யார் யார் என்று கேட்டு எழுதியிருக்கிறான். தாத்தா பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, இவளைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, "எம்பொண்ணு பேரு நினெல், எழுதிக்கங்க தோழர், நல்லாப் பாத்து எழுதுங்க, இப்படிப் பேரு வெச்சவன் துரோகியா இருப்பானா?" என்றாராம். அந்த ஆள் எழுதிப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம். "அழகான பேரு" என்றானாம். தாத்தாவும் அவன் சிரித்ததைப் பார்த்து நம்பிக்கை வந்து கூடச் சிரித்தாராம். அப்புறம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "அவரு சிரிச்சிக்கிட்டேதான் படியெறங்கினாரு ஃபாதர், சாயங்காலம் வந்துருவேன்னு நெனச்சாரு. அதுக்கப்புறம் நான் அந்தப் பேரைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே இருந்தேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். நிறுத்தினா இவனையும் கொண்டு போயிடுவாங்கன்னு" என்று உன் அப்பாவைக் கை காட்டினாள்.

உன் அப்பாவுக்கு அது அதுவரை தெரியாது. தாத்தா போனது தெரியும், திரும்பாதது தெரியும், பின்னால் அவர் குற்றமற்றவர் என்று வந்த ஒற்றைத் தாள் தெரியும், அந்தக் காலையில் என்ன பேசினார்கள் என்று அக்கா அவரிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவர் முன்னால் போய் அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கி நேராகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். "உனக்குச் சொன்னா நீ பயப்படுவ" என்றாள், அறுபது தாண்டிய தம்பியிடம். குரு விகென்தி நாள்காட்டியை மூடிவிட்டார். தாடியை இழுத்துக்கொண்டிருந்தார், முகம் சிவந்துபோயிற்று. இவளே கேட்டாள், "நியோனிலான்னு மாத்திட்டா, எங்கப்பா அங்க என்னைத் தேடினா எந்தப் பேரைச் சொல்லித் தேடுவாரு?" என்று. கேட்டவள் யார் பார், அங்கே என்று ஓர் இடமே இல்லை என்று மேற்படி மேடையில் நின்று படம் வரைந்து விளக்கியவள். குரு சொன்னார், "அவரு நினெல்னே கூப்பிடட்டும்மா, நீங்க திரும்பிப் பாருங்க. நியோனிலாங்கறது நான் பிரார்த்தனையில சொல்றதுக்கு மட்டும்." அவள் பேரம் படிந்தவள் மாதிரி, "சரி, ஆரம்பிங்க" என்றாள். போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், டியூட்டியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

இதற்கெல்லாம் நான் உருகிவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்த சடங்கில் சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி மேற்கே பார்த்துத் துப்ப வேண்டும், மேற்கே என்றால் அவள் மேடை போட்டிருந்த அதே மூலை, பலகைகளின் தடம் இன்னும் தரையில் இருக்கிறது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் காதோரம், "நல்லா அழுத்தித் துப்புங்க அண்ணி, நம்ம எல்லாரோட சினிமா டிக்கெட்டுக்கும் சேர்த்து" என்றேன். "வாயை மூடு, ஞானத்தாய்" என்றாள், ஆனால் துப்பினாள். தண்ணீர் தலையில் ஊற்றியபோது குளிர்கிறது என்று குருவை அதட்டினாள். வெளியே வந்து தலையைத் துவட்டும்போது பார்த்தால் எலும்பும் தோலுமாக இருக்கிறாள் நெல்யா, அந்தக் கோட்டுக்குள் இவ்வளவு கொஞ்சம் ஆள்தான் இருந்தாளா என்று இருந்தது. பயந்துபோன ஒரு பெண்பிள்ளை கூச்சல் போட்டுக்கொண்டே கிழவி ஆகியிருக்கிறாள், கூச்சல் மட்டும்தான் நமக்குக் கேட்டது. சரி, எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், பயந்தவள் பயந்தவளாக இருந்திருக்கலாம், என் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இரண்டும் சரிதான், ஒன்று வந்ததால் மற்றது போய்விடாது.

அதையும் ஆகஸ்டில் கேட்டேவிட்டாள். காளான் சுத்தம் செய்துகொண்டிருந்தோம், என்ன நினைத்தாளோ, "கபா, உம்பொண்ணுக்கு நீ என்ன பேரு வெக்கணும்னு நெனச்சிருந்த?" என்றாள். நான் கத்தியை நிறுத்தவில்லை, "தைசியா, எங்கம்மா பேரு" என்றேன். வாயில் வைத்துச் சொல்லிப் பார்த்தாள், தைசியா, தைசியா என்று. "நல்லா இருக்கே! ஏன் அப்பவே சொல்லல?" என்றாள். கேள் இந்த அநியாயத்தை! பனியில் நின்று ஊர் கேட்கக் கூவி முடிவு பண்ணிவிட்டு, ஒரு யுகம் கழித்து என் சமையலறையில் உட்கார்ந்து, என் காளானைத் தொட்டுக்கொண்டு, ஏன் சொல்லவில்லை என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நல்ல காளானை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன், அவள்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கழுவினாள். பிரெஞ்சுப் பேச்சு நின்றுவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கடையில் ரயிஸா மறுபடி பாரிஸ் என்று ஆரம்பித்திருக்கிறாள், இவள், "பாரிஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. லெனினைத் திருப்பிப் போட்டா நான். எங்கப்பா வெச்சாரு. சீஸை ஒழுங்கா வெட்டு" என்றாளாம். அதற்கப்புறம் ரயிஸா வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறாள், பக்தி எந்த மட்டில் என்று தெரியாது, ஆனால் குரு விகென்தியிடம், "கொரலு கடைசி வரிசைக்கு எட்டல, வாக்கியத்தோட முடிவுல மூச்சை விடாதீங்க" என்று பிரசங்கத்துக்குப் பாடம் எடுக்கிறாள். அந்தப் பிள்ளையும் கேட்டுக்கொள்கிறது, போன வாரம் உண்மையிலேயே நன்றாகக் கேட்டது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ நெல்லி என்று மாற்றிக்கொள்வதாக எழுதியதை அத்தையிடம் சொன்னேன், துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தேன். "அவளுக்கு எது புடிக்குதோ வெச்சிக்கச் சொல்லு, இப்ப யாரும் காலைல வந்து கதவைத் தட்டறதில்ல" என்றாள், என்னை எழுதவும் சொன்னாள், எழுதிவிட்டேன். இப்போது அம்மா சொல்வதையும் கேள். அந்தப் பெயர் பிடிக்கவில்லை என்றால் மாற்று, உனக்கு முழு உரிமை உண்டு, எந்தப் பெயரை வைத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் ஆபீசில் நாலு பேர் இளிக்கிறார்கள் என்பதற்காக மாற்றாதே. அந்த நாலு பேர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அதே பெயருக்காக உன்னைக் கொடி பிடிக்க முன்வரிசையில் நிறுத்தியவர்கள்தானே, நாளைக்கு வேறெதற்காவது வரிசையில் நிற்பார்கள், அவர்கள் பின்னாலேயே ஓடி ஓடிப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தால் பாஸ்போர்ட்டில் பக்கம் போதாது. யாராவது கேட்டால் அர்த்தத்தை நேராகச் சொல்லிவிட்டு வேலையைப் பார். சொன்ன பிறகும் இளித்தால் உன் அத்தையை அங்கே அனுப்பிவைக்கிறேன், விமானம் இறங்கின அன்றைக்கே அடக்கிவிடுவாள்.

திமோஷாவுக்கு அப்பா கம்பளிக் கையுறையோடு ஒரு மர நீராவிப் படகும் செதுக்கி அனுப்புகிறார், அவரே பெட்டியில் வைத்தார், ஏன் திடீரென்று நீராவிப் படகு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை கடலுக்குப் போகும்போது மார்புக்குக் கம்பளி இல்லாமல் விடாதே, வெள்ளைப் பூண்டு தினமும் கொடு, முகம் சுளித்தாலும் கொடு. நீ ராத்திரி ஷிப்ட் பார்க்காதே, கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது, போட்டோவிலேயே தெரிகிறது. மீன் முட்டை டப்பா அனுப்ப முடிந்தால் அனுப்பு, அத்தைக்கு உப்புக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் அவள் கண்ணில் படாமல் என் பெயருக்கு அனுப்பு. நீங்கள் மூவரும் நோயில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, உங்கள் வீட்டு வாசலில் தட்டுகிறவர்கள் எல்லாரும் விருந்தாளிகளாகவே இருக்க ஆண்டவன் அருள்புரியட்டும், நான் நம்புகிற ஆண்டவனும் உன் அப்பா நம்பாத ஆண்டவனும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். குழாய் உறைவதற்கு முன்னால் பதில் எழுது, மறக்காதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா கபிதொலினா

அத்தை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், நான் எழுதியதை எல்லாம் வாங்கிப் படித்தாள், மீன் முட்டை வரியையும் பார்த்துவிட்டாள், பிரெஞ்சு வருகிற இடத்தில் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். தானும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவை வாங்கி, நினெல் என்று எழுதி, சற்று யோசித்து அதன் கீழே நியோனிலா என்று சின்னதாக எழுதி, "ரெண்டுல எதை அடிக்கட்டும் கபா?" என்று கேட்டாள். எதையும் அடிக்க வேண்டாம், தாளில் இடம் இருக்கிறது என்றேன்.

நினெல்
நியோனிலா